தறிக்கூடத்து ஜன்னல்: அம்மாப்பேட்டை வீடொன்றில் அனுமதியும் உரிமையும் – ஒரு நிகழ்வு ஆய்வு

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு நெசவாளர் குடும்பம் தன் பழைய வீட்டின் ஜன்னல்களை மாற்ற முனைந்தபோது எழுந்த கேள்விகளையும் அவை தீர்ந்த விதத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். அந்த வேலைக்கு அளவெடுத்து வரைபடம் தயாரித்த பொறியாளன் என்ற முறையில் தொடக்கம் முதல் உடனிருந்தேன். குடும்பத்தாரின் இசைவோடு எழுதுகிறேன். பெயர்களையும் தெருவையும் தவிர்த்திருக்கிறேன். ஜன்னல் மாற்ற அனுமதி வேண்டுமா என்று கேட்பவர்கள் 'வேண்டும்' அல்லது 'வேண்டாம்' என்ற ஒரே சொல்லைத்தான் எதிர்பார்க்கிறார்கள். இந்த வீட்டிலோ ஒரே சுவரில் அடுத்தடுத்து நடக்கவிருந்த வேலைகளுக்குக்கூட ஒரே விடை பொருந்தவில்லை. அரசு தரும் அனுமதி ஒரு புறமும், பக்கத்து மனைக்காரரிடம் நமக்குள்ள உரிமை மறு புறமுமாக இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருப்பதும், முதல் கணக்கு நேரானால் இரண்டாவதும் தானே நேராகிவிடும் என்று குடும்பத்தார் நம்பியிருந்ததுமே சிக்கலின் வேர்.

வீட்டின் அமைப்பு

கிழக்கே தெருவைப் பார்த்த வீடு. திண்ணை, முன்கூடம், அதற்குப் பின்னே தறிக்கூடம், கடைசியில் சமையலுக்கும் புழக்கத்துக்கும் ஒரு பின்னறை, அதன் பிறகு சொந்தக் கொல்லை என்று மேற்கே நீண்டு செல்கிறது. முன்கூடத்துக்கும் தறிக்கூடத்துக்கும் மரக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. பின்னறைக்கு மட்டும் ஓட்டுக் கூரை. சுவர்கள் ஒன்றரைக்கல் கனம், சுண்ணாம்புச் சாந்து. வடக்குச் சுவர் அண்டை வீட்டோடு ஒட்டியது. அதில் திறப்பு எதுவும் கிடையாது. ஆகவே தறிக்கூடத்துக்கு வெளிச்சம் வருவதெல்லாம் தெற்குச் சுவரில் இருக்கும் இரண்டு ஜன்னல்களின் வழியாகத்தான்.

தெற்கே இருந்த காலி இடம் முன்பு இதே குடும்பத்தின் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) போடும் களமாக இருந்தது. தந்தை காலமான பின், எட்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்த பாகப்பிரிவினையில் வீடு அண்ணனுக்கும் களம் தம்பிக்கும் என்று பிரிந்தது. பதிவான பத்திரத்தில் நான்கெல்லையும் நீள அகலமும் தெளிவாக இருக்கின்றன. வீட்டின் தெற்குச் சுவரின் வெளிமுகமே எல்லைக் கோடு. அந்தச் சுவரில் ஜன்னல்கள் இருப்பதைப் பற்றி மட்டும் பத்திரத்தில் ஒரு சொல்லும் இல்லை. இந்த விடுபடல் அந்தப் பத்திரத்துக்கு மட்டும் உரியதன்று; நான் படித்த பாகப்பத்திரங்கள் பலவற்றில் கிணற்றுப் பாத்தியமும் நடைபாதைப் பாத்தியமும் எழுதப்பட்டிருக்கும்; வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை எவரும் எழுதுவதில்லை.

தறியில் நெய்யப்படுவது வெண்பட்டு. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு வேட்டிக்கும் அங்கவஸ்திரத்துக்கும் பேர்போனது. வெள்ளைப் பாவில் குறுக்கு நூலான வெள்ளை ஊடை ஓடும்போது அறுந்த இழை ஒன்றைக் கண்ணால் பிடிப்பதற்குப் பக்கவாட்டிலிருந்து விழும் பகல் வெளிச்சம் தேவை. தலைக்கு மேல் எரியும் குழல்விளக்கு அந்த வேலையை அதே அளவுக்குச் செய்வதில்லை. குழித்தறியாதலால் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் விட்டிருப்பார். துணி அவருடைய இடுப்பளவு உயரத்தில் நகரும். ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து இரண்டரை அடியில் தாழ்வாக வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் தறியை அறிந்தவர்.

கேட்கப்பட்ட வேலைகள்

அண்ணன் செய்ய விரும்பியவை இவை. தெருப்பக்கம் முன்கூடத்தில் கறையான் அரித்த இரண்டு மர ஜன்னல்களை எடுத்துவிட்டு யுபிவிசி எனப்படும் கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல் வைப்பது. தறிக்கூடத்தின் இரண்டு ஜன்னல்களையும் மாற்றுவதோடு 3 அடி அகலத்தை 5 அடியாக்குவது. இருண்டு கிடக்கும் பின்னறைக்குத் தெற்குச் சுவரிலேயே புதிதாக ஒரு ஜன்னல் திறப்பது. தெற்கு ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றரை அடி சன்ஷேடு நீட்டுவது. ஜன்னல் விற்பனை செய்பவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலைப்புள்ளி கொடுத்திருந்தார். எல்லாம் ஒரே காகிதத்தில் இருந்ததால் எல்லாம் ஒரே வேலை என்று குடும்பத்தாருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

நான் முதலில் செய்தது, வீட்டை இருக்கிற நிலையில் அளந்து, ஒவ்வொரு சுவரின் முகப்புத் தோற்றத்தையும் வரைந்து, ஒவ்வொரு திறப்பையும் தனித்தனியாக எண்ணிட்டதுதான். வேலையைப் பிரித்துப் பார்க்காமல் விண்ணப்பத்தைத் தொட்டால், அனுமதியே தேவைப்படாத வேலை அனுமதி தேவைப்படும் வேலையின் பின்னால் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். அதைவிட மோசமாக, அனுமதி கிடைத்தாலும் செய்யக்கூடாத வேலை மற்றவற்றின் நிழலில் நடந்து முடிந்துவிடும்.

பராமரிப்பு எது, மாற்றம் எது

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 எதை 'வளர்ச்சி' என்று கொள்கிறதோ அதற்குத்தான் திட்ட அனுமதி தேவை. அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் உள்ள பொருள்விளக்கம், கட்டடத்தின் வெளித்தோற்றத்தைக் கருதத்தக்க அளவில் பாதிக்காத, தற்காலிகத் தன்மையுள்ள பராமரிப்பு, மேம்பாட்டு வேலைகளை வளர்ச்சி என்ற வட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஜன்னல் மரமா பிளாஸ்டிக்கா என்பதன்று. சுவரும் திறப்பும் வெளித்தோற்றமும் மாறுகின்றனவா என்பதுதான். மத்திய அரசு மாநிலங்களுக்கு வழிகாட்டியாக வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகள், 2016 இன்னும் நேரடியாகப் பேசுகின்றன: தன் மனைக்குள்ளேயே திறக்கும் ஜன்னலைத் திறப்பதற்கும் அடைப்பதற்கும் கட்டட அனுமதி வேண்டாம்; பிறர் சொத்தை நோக்கியோ பொதுத் தெருவை நோக்கியோ திறப்பு வைக்க இடமில்லை. அவை மாதிரி விதிகள்தாம். நம் மாநிலத்துக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தனியே இருக்கின்றன. ஆனால் நம் வேலை எந்தப் பக்கம் நிற்கிறது என்று எடைபோட அந்த மாதிரி விதிகளின் பிரிவினை நல்ல அளவுகோல் என்பது என் கருத்து.

இப்படிப் பார்த்தபோது முன்கூடத்து ஜன்னல்கள் எளிதில் தீர்ந்தன. ஏற்கெனவே உள்ள திறப்பு, அதே அளவு, அதே இரண்டு கதவு அமைப்பு, தெருவுக்குள் எதுவும் நீளவில்லை. அதைப் பழுதுபார்ப்பாகக் கொண்டோம். என்றாலும் வேலைக்கு முன்பும் பின்பும் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, தேதியிட்டு, வரைபடத்தோடு கோப்பில் சேர்க்கச் சொன்னேன். அனுமதி பெறாத மாற்றம் என்று தோன்றும் கட்டுமானத்தின் மீது அறிவிப்பு அனுப்பவும் வேலையை நிறுத்தவும் அதே சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகள் திட்டக் குழுமத்துக்கு அதிகாரம் தருகின்றன. பின்னொரு நாள் எவரேனும் புகார் எழுதினால், திறப்பு பழையது என்று காட்டும் சான்று நம் கையில் இருக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. அந்த முன்கூடத்து ஜன்னல்களில் கறையான் தின்றது நிலையின் அடிக்கட்டையை மட்டுமே. தேக்குக் கதவுகள் நான்கும் உறுதியாக இருந்தன; கீலும் கொண்டியும்கூடக் குறையில்லாமல் வேலை செய்தன. ஆசாரி ஒருவர் அடிக்கட்டையை வெட்டி ஒட்டுப்போட்டுத் தந்திருப்பார், செலவும் குறைந்திருக்கும். கறையானோடு இனிப் போராட முடியாது என்ற வீட்டம்மாவின் களைப்பு நியாயமானதுதான் என்பதால் நான் வற்புறுத்தவில்லை. கழற்றிய கதவுகள் பழைய மரக் கடைக்குப் போகாமல் பின்னறை அலமாரிக்குக் கதவாயின.

அகலப்படுத்துவதால் வந்திருக்கக்கூடிய இழப்பு

தறிக்கூட ஜன்னல்களை அகலப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது, அது வெளிச்சக் குறைவால் வந்ததன்று, விலைப்புள்ளியால் வந்தது என்று தெரிந்தது. விற்பனையாளர் காட்டிய மாதிரி இரண்டு தடத்தில் தள்ளித் திறக்கும் ஸ்லைடிங் ஜன்னல். அந்த வகையில் ஒரு கண்ணாடி மற்றதன் மேல் போய் நிற்பதால் எப்போதும் பாதித் திறப்புதான் கிடைக்கும். 3 அடி அகலத்தில் அது மிகக் குறுகலாகத் தோன்றவே, 5 அடியாக்கிவிடலாம் என்று அவர் யோசனை சொல்லியிருக்கிறார்.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். கூடம் 12க்கு 16 அடி. தரைப்பரப்பு 192 சதுர அடி. தேசியக் கட்டட நெறி, 2016 வறண்ட வெப்பப் பகுதியில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கும் ஈரவெப்பப் பகுதியில் ஆறில் ஒரு பங்கும் ஜன்னல் திறப்பாக இருக்க வேண்டும் என்கிறது. ஜன்னலின் ஒரு பகுதி திறக்க முடியாததாக இருந்தால் திறக்கும் பகுதியை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும் என்பதும் அதே நெறியின் குறிப்பு. இரண்டில் குறைந்ததான பத்தில் ஒரு பங்கையே எடுத்துக்கொண்டால் இங்கே 19.2 சதுர அடி. பழைய மர ஜன்னல்கள் 3க்கு 4 அடி வீதம் இரண்டு, முழுவதும் திறப்பவை. 24 சதுர அடி. 5க்கு 4 அடி ஸ்லைடிங் ஜன்னல் இரண்டு வைத்தால் சுவரில் 40 சதுர அடி உடைபடும், காற்று வழி 20 சதுர அடியாகத்தான் நிற்கும். அதாவது, சுவரை உடைத்துச் செலவும் செய்த பிறகு இன்று வீசும் காற்று குறைந்துபோகும். இந்த எண்களைக் கண்டதும் அண்ணன் அகலப்படுத்தும் எண்ணத்தைக் கைவிட்டார்.

கைவிட்டது சுவருக்கும் நல்லதாயிற்று. கூரையின் மரக் கட்டைகள் வடக்கு தெற்காக ஓடித் தெற்குச் சுவரின் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. 16 அடி சுவரில் இரண்டு 5 அடித் திறப்பு வைத்தால் மிச்சம் 6 அடிச் சுவர்தான். அதுவும் மூன்று துண்டாகப் பிரிந்து கூரையின் பாரத்தைத் தாங்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரிடம் அதை எதிர்பார்ப்பது தவறு.

இருபது ஆண்டுக் கணக்கும் பாகப்பிரிவினையும்

அகலப்படுத்தக் கூடாது என்பதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருந்தது. அண்ணன் என்னிடம் சொன்ன வாதம், "இந்த ஜன்னல் நாற்பது வருஷமா இருக்கு சார், இருபது வருஷம் தாண்டினா நமக்குப் பாத்தியம்தானே" என்பது. இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882இன் 15ஆம் பிரிவை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் வாதம் அது; நம் ஊரில் பலரும் அறிந்தது. வசதியுரிமை என்பது, நம் சொத்தை அனுபவிப்பதற்காகப் பிறர் சொத்தின் மீது நமக்குள்ள உரிமை. ஒரு கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்தையும் காற்றையும் இருபது ஆண்டுகள் தடையின்றி, அமைதியாக, வசதியுரிமையாக அனுபவித்திருந்தால் அது முழு உரிமையாகிறது என்பதே அந்தப் பிரிவு. ஆனால் தன் சொத்தின் மீது தானே வசதியுரிமை கொள்ள முடியாது. வீடும் களமும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த காலம் அந்த இருபதில் சேராது. பாகம் பிரிந்து எட்டு ஆண்டுதான் ஆகிறது என்பதால் 15ஆம் பிரிவு இங்கே கைகொடுக்காது.

கைகொடுப்பது அதிகம் பேசப்படாத 13ஆம் பிரிவு. கூட்டுச் சொத்து பாகமாகும்போது, ஒருவருடைய பாகத்தை அன்று அனுபவித்தபடியே தொடர்ந்து அனுபவிக்க மற்றவர் பாகத்தின் மேல் ஓர் உரிமை அவசியமாக இருந்து, அது கண்ணுக்குத் தெரிவதாகவும் தொடர்ச்சியானதாகவும் இருந்தால், பத்திரத்தில் மாறான எண்ணம் இல்லாதவரை அந்த உரிமை பாகத்தோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. தொடர்ச்சியான உரிமைக்கு அச்சட்டம் 5ஆம் பிரிவில் தரும் எடுத்துக்காட்டே, ஜன்னல் வழியாக வெளிச்சம் பெறும் உரிமைதான். ஆகவே பத்திரம் வாய் திறக்காமல் இருந்தாலும், பாகம் பிரிந்த நாளில் இருந்த அந்த இரண்டு ஜன்னல்களுக்கும் அண்ணனிடம் வலுவான வாதம் இருந்தது.

அந்த வலு, அன்று இருந்த ஜன்னல்களுக்குத்தான்; இன்று புதிதாக உண்டாக்கும் அகலத்துக்கன்று. மேலும் 43ஆம் பிரிவு, உரிமை அனுபவிக்கும் கட்டடத்தில் செய்யப்படும் நிலையான மாற்றத்தால் அடுத்த மனையின் மீது விழும் சுமை கணிசமாகக் கூடி, அதைக் குறைக்க வழியில்லாமல் போனால், உள்ள உரிமையே அழியலாம் என்கிறது. அகலமாக்கிய ஜன்னல் அந்த நிலைக்கு வருமா என்பது நீதிமன்றம் ஆராய வேண்டிய வினா. ஆனால் கையில் உள்ள உறுதியான உரிமையை அப்படி ஒரு வாதத்துக்கு இரையாக்குவதில் எந்த அறிவுடைமையும் இல்லை என்று நான் உறுதியாகவே சொன்னேன். இந்தப் பகுதியை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, அவருடைய கருத்தையும் எழுத்தில் பெற்ற பிறகே அடுத்த படிக்குச் சென்றோம்.

புதிய ஜன்னலும் தம்பியின் கவலையும்

பின்னறைக்குத் தெற்கே புதிய ஜன்னல் என்பது முற்றிலும் வேறு விஷயம். பாகப்பிரிவினை நாளில் அது இல்லை. எனவே 13ஆம் பிரிவு பேசாது. திறந்தால் அது நேராகத் தம்பியின் மனைக்குள் திறக்கும். தம்பி தன் களத்தில் வீடு கட்ட எண்ணியிருக்கிறார். அவருடைய சமையலறை அந்த இடத்துக்கு எதிரேதான் வரும். வசதியுரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவிலேயே, அண்டை வீட்டின் அந்தரங்கம் கெடும்படி புதிய ஜன்னல் திறக்கக் கூடாது என்னும் ஊர் வழக்கம் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டிருப்பதைக் காணும்போது, இந்தச் சச்சரவு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் எழுதியவர்களின் கவனத்துக்கு வந்திருப்பது தெரிகிறது.

இருவரையும் ஒரே நேரத்தில் அந்தச் சுவரின் முன் நிற்கவைத்துப் பேசியதுதான் இந்த நிகழ்வின் திருப்பம். தம்பி சொன்னது இதுதான்: "அண்ணா, தறிக்கூட ஜன்னலை நான் என்னைக்கும் மூடச் சொல்ல மாட்டேன். அப்பா உட்கார்ந்து நெய்த இடம். ஆனா இன்னொன்று திறந்தீங்கன்னா, நாளைக்கு நான் கட்டும்போது ஒவ்வொரு அடிக்கும் உங்ககிட்ட வந்து நிக்கணும்." அண்ணன் அதுவரை தம்பி எதிர்ப்பது தறிக்கூட ஜன்னலைத்தான் என்று நினைத்திருந்தார். அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால், ஆட்சேபணை மனுவும் பதில் மனுவுமாகப் போயிருக்கும். இந்த ஒரு வாக்கியம் வெளியே வந்திருக்காது.

தெற்கு ஜன்னலை விட்டுவிட்டு, பின்னறையின் மேற்குச் சுவரில், சொந்தக் கொல்லையைப் பார்த்து 3க்கு 4 அடி ஜன்னல் வைப்பது என்று முடிவாயிற்று. அறை 10க்கு 12 அடி என்பதால் பத்தில் ஒரு பங்கான 12 சதுர அடி அதில் சரியாகக் கிடைக்கிறது. மேற்கு வெயிலுக்கு அஞ்சிச் சன்ஷேடும் வைத்தோம். அது விழுவது சொந்த மண்ணில். கூடுதல் வெளிச்சத்துக்கு ஓட்டுக் கூரையில் நான்கு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தது மிகச் சிறிய செலவில் மிகப் பெரிய பயன் தந்தது. உச்சி வேளையில் அந்த அறையில் இப்போது விளக்கு தேவைப்படுவதில்லை.

மாதிரி விதிகள் சொந்த மனைக்குள் திறக்கும் ஜன்னலுக்கு அனுமதி கேட்காவிட்டாலும், மேற்கு ஜன்னல் சுவரில் புதிய திறப்பு என்பதால் விண்ணப்பம் கொடுத்தோம். உள்ளது, எடுக்கப்படுவது, புதிதாக வைக்கப்படுவது ஆகியவற்றைத் தனி நிறத்தில் காட்டிய வரைபடம், பாகப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சுவரின் உறுதி குறித்த என் சான்று ஆகியவை இணைக்கப்பட்டன. வீட்டின் பழைய அனுமதி வரைபடம் கிடைக்கவில்லை. அந்த வயதுடைய வீடுகளில் இது வழக்கம்தான். பழைய சொத்துவரி ரசீதுகளும் மின் இணைப்பு ஆவணமும் கட்டடத்தின் வயதைக் காட்டப் பயன்பட்டன. கொல்லையின் அகலத்தை வரைபடத்தில் குறிக்கும்படி கேட்டார்கள். புதிய திறப்பு யாருடைய மனைக்குள் திறக்கிறது என்பதை அறியாமல் எவரும் கையெழுத்திட முடியாது என்பதால் அது கேட்க வேண்டிய கேள்விதான். அனுமதி வந்தது.

சன்ஷேடு எதற்கு

தெற்கு ஜன்னல்களுக்கு ஒன்றரை அடி சன்ஷேடு நீட்டினால் அந்த ஒன்றரை அடியும் தம்பியின் மனைக்கு மேல் நிற்கும். பழைய வீட்டில் அங்கே சன்ஷேடு இருந்ததில்லை. வேண்டுமா என்று பார்க்கச் சூரியனின் போக்கைக் கணக்கிட்டோம். சேலம் ஏறத்தாழ 11.65 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் பிற்பகுதிவரை வடக்கே சாய்ந்திருக்கும். கடும் கோடையின் உச்சி வெயில் தெற்குச் சுவர் ஜன்னலுக்குள் நுழைவதே இல்லை. மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும்போது உள்ளே வரும் வெயில் இதமானது. நெசவாளர் வேண்டாம் என்று சொல்லக்கூடியதன்று.

எனவே சன்ஷேடு மழைக்குத்தான் தேவை. ஒன்றரைக்கல் சுவரின் உள்முகத்தோடு ஒட்டி நிலையைப் பதித்ததால் வெளிப்பக்கம் சுவரின் கனமே ஏறக்குறைய முக்கால் அடிக்கு மறைப்பாக நின்றது. அடியில் கடப்பைக் கல்லை வெளிப்புறம் சாய்வாக வைத்து, மேல்விளிம்பில் நீர் ஒழுகாமலிருக்கச் சிறு பள்ளம் வெட்டினோம். எல்லைக்கு வெளியே ஓர் அங்குலமும் நீட்டப்படவில்லை.

பழைய மரக் கதவுகள் வெளியே திறப்பவை. களம் பொதுவாக இருந்தவரை அது எவரையும் உறுத்தவில்லை. இப்போது கதவு திறந்தாலே தம்பியின் மனைக்குள் போய் நிற்கிறது. புதிய ஜன்னல் உள்ளே திறக்கும்படியும் இரும்பு கிரில் வெளிமுகத்தோடு ஒட்டி நிற்கும்படியும் செய்தோம். உள்ளே திறக்கும் கதவு தறியில் இடிக்காமல் இருக்க, இருக்கையிலிருந்து கதவின் வீச்சை அளந்து, கீலை எந்தப் பக்கம் வைப்பது என்று நெசவாளரைக் கேட்டே முடிவு செய்தோம். முழுவதும் திறக்கும் இந்த வகை யுபிவிசி ஜன்னல் ஸ்லைடிங்கைவிட விலை கூடுதல். ஆனால் 24 சதுர அடிக் காற்று வழி அப்படியே தங்கியது.

லிண்டலைக் கண்ட நாள்

நிலையைப் பெயர்த்தபோதுதான் மேலே இருந்த மர லிண்டல், அதாவது திறப்புக்கு மேல் குறுக்கே கிடக்கும் கட்டை, உள்ளே பொடியாகியிருந்தது தெரிந்தது. வெளியே பூச்சு மறைத்திருந்தது. சுமையை அதற்கு மேலிருந்த செங்கல் வளைவு தாங்கிக்கொண்டிருந்ததால் விரிசலும் காட்டவில்லை. வேலைக்கு வந்த கொத்தனார் முழுக் கட்டையையும் ஒரே மூச்சில் தட்டி எடுத்துவிட்டு, பலகை கட்டி அங்கேயே கான்கிரீட் போட்டுவிடலாம் என்றார். இரண்டு கூரைக் கட்டைகள் அந்த இடத்துக்கு மேலேதான் உட்கார்ந்திருந்தன. வேலையை நிறுத்தி, உள்ளே கூரைக் கட்டைகளுக்கு அடியில் குறுக்குக் கட்டை கொடுத்து இரும்பு முட்டுகளை நிறுத்தினோம். பிறகு சுவர்க் கனத்தில் வெளிப்பாதியை மட்டும் எடுத்து, முன்பே வார்த்துப் பதப்படுத்திய கான்கிரீட் லிண்டலை இருபுறமும் அரை அடிக்கு மேல் சுவரில் உட்காரும்படி செருகி, இடைவெளியைச் சாந்தால் இறுக அடைத்தோம். அது இறுகிய பிறகே உட்பாதியைத் தொட்டோம். வேலை நீண்டது, கூரையில் புதிய விரிசல் ஒன்றும் விழவில்லை.

அதே அளவில் ஜன்னலை மாற்றுவதற்கு அனுமதி தேவைப்படாமல் போகலாம். பொறியாளர் தேவைப்படாது என்று அதற்குப் பொருளில்லை. பழைய வீட்டில் நிலையைக் கழற்றும் வேலையை ஜன்னல் பொருத்துபவரிடம் மட்டும் விட்டுவிடுவதை நான் எங்கும் ஆதரிப்பதில்லை.

எழுதிப் பதிவு செய்தது

அண்ணன் தம்பி இருவரும் வாய்மொழியாக ஒத்துக்கொண்டதைப் பத்திரமாக்க வேண்டும் என்று நான் விடாமல் கேட்டுக்கொண்டேன். அவர்களுக்குள் நம்பிக்கை இருந்தது. ஆனால் மனை விற்கப்படலாம், அடுத்த தலைமுறை வரலாம். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்துரிமையை உண்டாக்கும் ஆவணம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது பதிவுச் சட்டம், 1908இன் 17ஆம் பிரிவு. முத்திரைத்தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்வது போதாது.

தறிக்கூட ஜன்னல்களுக்கும் தம்பி எழுப்பப்போகும் சுவருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதில்தான் பேச்சு நீண்டது. தம்பி 4 அடி என்றார். எதிரே 11 அடி உயரத்தில் தரைத்தளச் சுவர் எழுந்தால், இரண்டரை அடி உயரத்தில் உள்ள ஜன்னல் விளிம்பிலிருந்து வானத்தைப் பார்க்க 65 பாகைக்கு நிமிர வேண்டும். தறியின் மேல் விழும் வெளிச்சம் மிகவும் வற்றிவிடும். 6 அடி விட்டால் அது 55 பாகையாகிறது. அவருடைய பொறியாளரோடு அமர்ந்து பார்த்ததில், விதிப்படி அவர் பக்கவாட்டில் விட்டாக வேண்டிய திறந்தவெளியை வடக்கே, அதாவது ஜன்னல் பக்கமே வைத்து, மாடிப்படியைத் தெற்கே மாற்றினால், ஜன்னல்களுக்கு எதிரே மட்டும் கூடுதல் இடம் விடுவது அவருக்குப் பெரிய இழப்பாக இல்லை. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு இணையவழியில் உடனே அனுமதி பெற முடிகிறது. அவரும் அதைத்தான் நாடவிருக்கிறார். அந்த முறையில் மனைக்காரர் தாமே சான்றளிப்பதால், அடுத்த மனைக்காரருக்குள்ள வெளிச்ச உரிமையை அங்கே வேறெவரும் நினைவூட்டப் போவதில்லை. பத்திரம் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்கு இதுவும் காரணம்.

பதிவான உடன்படிக்கையில் உள்ளவை சுருக்கமானவை. அளவும் இடமும் குறிக்கப்பட்ட இரண்டு தறிக்கூட ஜன்னல்களுக்கு எதிரே 6 அடி அகலம் திறந்தே இருக்கும்; அதற்கு எதிரான சுவர் வெள்ளையடிக்கப்பட்டிருக்கும்; அந்தப் பகுதியில் தரைத்தளத்துக்கு மேல் எழுப்பும்போது கட்டடம் மேலும் உள்வாங்கும். மாறாக, தெற்குச் சுவரில் அண்ணனோ அவர் வழிவந்தவரோ புதிய திறப்பு வைப்பதில்லை, உள்ள திறப்பை அகலப்படுத்துவதில்லை, எல்லைக்கு வெளியே எதையும் நீட்டுவதில்லை. ஜன்னலைத் துடைக்கவும் பழுதுபார்க்கவும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு அந்த 6 அடிக்குள் நுழையலாம். என் வரைபடம் இணைப்பாகச் சேர்க்கப்பட்டது. வசதியுரிமைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, வெளிச்சம் தடைபட்டதற்கு இழப்பீடு கேட்பவர் தம் வழக்கமான தொழிலை முன்போல் நடத்த முடியவில்லை என்று காட்டுவதையும் ஓர் அடிப்படையாக ஏற்கிறது. அதனால் அந்தக் கூடத்தில் கைத்தறி நெசவு நடக்கிறது என்ற செய்தியும் பத்திரத்தின் முதல் பத்தியிலேயே எழுதப்பட்டது.

உடன்படிக்கை இப்போது இரண்டு மனைகளின் வில்லங்கச் சான்றிலும் ஏறியிருக்கிறது. தம்பியின் வீட்டு வரைபடம் அந்த 6 அடியைக் காட்டித் தயாராகி வருகிறது. அதன் படிக்கட்டு தெற்குப் பக்கத்தில் இருக்கிறது.